கிணற்றடிச் சந்து, அர்ஜென்டினா, சென்னை-19

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் கெங்கம்மாவின் முதல் பயம். மற்ற பயங்களெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. அவள் பயந்ததில் நியாயம் உண்டு. முதல் தடவை வாய் தவறிச் சொன்னாள், மண்ணெண்ணெய் போயிற்று. இரண்டாம் தடவை சரியாகச் சொன்னாள்; அதைத் தப்பாக எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை ஒன்றுமே சொல்லாமல் நின்றாள். ‘மனுதாரர் மறுக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி, மெதுவாகச் சொல்லுவோம். யாரும் குறிப்பு எடுக்க வேண்டாம்.

காலடிப்பேட்டையில் கிணற்றடிச் சந்து என்று ஒரு சந்து. கிணறு கிடையாது. சந்து முனையில் கெங்கம்மாவின் பஜ்ஜிக் கடை. ஒரு தள்ளுவண்டி, ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு இரும்புச் சட்டி. ரேஷன் கார்டுக்குக் கிடைக்கும் மண்ணெண்ணெயில்தான் அந்த ஸ்டவ் எரியும். ஸ்டவ் எரிந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வெளியில் வாங்கினால் பஜ்ஜியின் லாபத்தை ஸ்டவ்வே தின்றுவிடும்.

கெங்கம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனாலும் உலக விஷயம் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தச் சந்தில் யாருக்கும் தெரியாது. காரணம் பொட்டலக் காகிதம். பழைய பேப்பரை எடைக்கு வாங்கி, நாலாகக் கிழித்து அடுக்கி வைப்பாள். உள்ளூர்ச் செய்தியில் அவளுக்கு ஆர்வம் இல்லை. உள்ளூர்தான் தினம் நேரில் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறதே. வெளிநாட்டுப் பக்கம் கிடைத்தால் மட்டும் தனியே எடுத்து வைத்துப் படிப்பாள். என்ன, எந்தச் செய்தியும் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியில் யாராவது வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஐரோப்பாவில் பன்னிரண்டு நாடுகள் பழைய நோட்டை விட்டுப் புது நோட்டுக்கு மாறிய செய்தியை அப்படித்தான் படித்தாள். பெட்டியில் ஒளித்து வைத்த பழைய நோட்டை மாமியார்கள் என்ன செய்தார்கள் என்று தேடினால், அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்வீடன் என்ற நாட்டில் கோடையில் சூரியன் மறைவதே இல்லை என்று ஒரு துண்டில் இருந்தது. அப்படியானால் கடையை எப்போதுதான் எடுத்து வைப்பார்கள் என்று கவலைப்பட்டாள். அர்ஜென்டினா செய்தி மட்டும் முழுசாகக் கிடைத்தது. அங்கே வங்கிக்காரர்கள் ஜனங்களின் பணத்தைத் தர மறுத்துவிட்டார்களாம். ஜனங்கள் சட்டி பானையோடு தெருவுக்கு வந்து கரண்டியால் தட்டினார்களாம். பதினைந்து நாளுக்குள் ஐந்து ஜனாதிபதிகளாம். முகம் தெரியாத அந்த ஊர்ப் பெண்கள் மேல் அவளுக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

“தட்றது தட்டலாம். சட்டி நெளிஞ்சா யாரு நிமித்துவா?” என்று பிலோமியிடம் கேட்டாள்.

பிலோமி எதிர்ப்பக்கம் அழகு நிலையம் வைத்திருப்பவள். சட்டி விஷயத்தில் அவளுக்குக் கருத்து எதுவும் இல்லை.

இப்படி இருக்கையில் இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் உலகக் கோப்பைக் கால்பந்து வந்தது. வடசென்னையில் அந்தச் சமயம் ஒவ்வொரு சந்தும் ஒரு நாட்டைத் தத்து எடுத்துக்கொள்ளும். அந்த நாட்டைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. பக்கத்துச் சந்து பரம்பரையாகப் பிரேசில். கிணற்றடிச் சந்து அர்ஜென்டினா. அதற்கு ஒரு மன்றம் உண்டு. மன்றத்துக்குத் தலைவர் கெங்கம்மாவின் தம்பி அன்பரசன். துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு எண் பார்த்து எழுதும் வேலை. உலகத்து நாடுகளையெல்லாம் பார்த்தாயிற்று என்று சொல்லிக்கொள்வான். அவன் பார்த்த நாடுகளெல்லாம் இருபது அடி அல்லது நாற்பது அடி நீளம்.

மே மாதக் கடைசியில் சந்துச் சுவர்களுக்கு நீலமும் வெள்ளையும் அடித்தார்கள். மின்கம்பத்துக்கும் அடித்தார்கள். படுத்திருந்த நாய் ஒன்றுக்கும் கொஞ்சம் பட்டது. மிச்சம் இருந்த பெயிண்டை என்ன செய்வது என்று பார்த்துவிட்டு, சந்து முனையிலிருந்த தெருப் பெயர்ப் பலகை மேலேயே பூசி, ‘அர்ஜென்டினா உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று எழுதினார்கள்.

“அதும்மேல கைய வெக்காத நைனா. கெவர்மெண்டு போர்டு” என்றாள் கெங்கம்மா.

“ஒரு மாசந்தான் யக்கா. கப்ப வாங்கிகினு கய்ட்டிர்றோம்” என்றான் அன்பரசன்.

அர்ஜென்டினா முதல் ஆட்டத்தில் ஜெயித்த மறுநாள், குடும்ப வசிப்பிடச் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து நீலமேகம் என்ற உதவியாளர் வந்தார். எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அந்தப் பிரிவின் வேலை. அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பொதுமக்களின் வேலை. நீலமேகத்தின் கையில் ஒரு விதிப் புத்தகம் இருந்தது. ‘தெருவின் பெயரைப் பலகையில் கண்டவாறே எழுதுக. சொந்தக் கருத்து சேர்க்கற்க’ என்பது அதன் நான்காம் விதி. அவர் பலகையைப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லாத பெரிய எழுத்து. இருந்தாலும் கடமை உணர்ச்சி உள்ளவர். இரண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு, இது எந்த இடம் என்று கெங்கம்மாவைக் கேட்டார்.

கெங்கம்மாவின் கை மாவில் இருந்தது. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. பின்னால் பையன்கள் தகரத்தில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அர்ஜென்டினா சார். பசங்க பண்ற கூத்து” என்றாள்.

முதல் பாதியை எழுதிக்கொண்டார். பின்பாதி கருத்து என்பதால் விட்டுவிட்டார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து இருபத்தேழு வருஷம் என்றாள். தொடர்ச்சியாகவா என்று கேட்டார். நடுவில் ஒரு தடவை திருப்பதி போய் வந்ததாகச் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றே நாளில் கடிதம் வந்துவிட்டது. எதையாவது கொடுப்பதற்கான கடிதம் என்றால் மூன்று வருஷம் ஆகும். நிறுத்துவதற்கான கடிதம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வரும். தபால்காரர் ஜாபர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘கெங்கம்மா, அர்ஜென்டினா, காலடிப்பேட்டை, சென்னை-19’ என்று போட்டிருந்தது. ஃபாரினுக்குப் போகிற கடிதத்துக்கு உள்ளூர் ஸ்டாம்ப்தானே ஒட்டியிருக்கிறார்கள், சட்டப்படி இதைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஆனால் பழகின முகமாயிற்றே என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே இப்படி இருந்தது: ‘தாங்கள் கடந்த இருபத்தேழு ஆண்டுகளாக அயல்நாட்டில் வசித்துவருவதும், இடையே ஒருமுறை மட்டும் திருப்பதி வந்து சென்றதும் கள ஆய்வில் தெரியவருவதால், தங்கள் குடும்ப அட்டைக்கான மண்ணெண்ணெய் இதன்மூலம் நிறுத்தி வைக்கப்படுகிறது.’

கெங்கம்மா கேனை ஆட்டிப் பார்த்தாள். அடியில் பத்து நாளைக்கு இருந்தது.

மறுநாள் கடையைப் பிலோமியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி அந்தப் பிரிவைக் கண்டுபிடித்தாள். கண்காணிப்பாளர் செங்குட்டுவன் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் ஃபைல் இருந்ததால் அவள் நின்றாள்.

“எப்பம்மா வந்தீங்க?”

“காலைல ஒம்போதரைக்கே வந்துட்டேன் சார்.”

“இந்தியாவுக்கு?”

தான் எங்கேயும் போகவில்லை, அந்தப் பலகை பையன்கள் பந்தாட்டத்துக்காக எழுதியது, பிறந்தது தண்டையார்பேட்டை, வாக்கப்பட்டது காலடிப்பேட்டை, திருப்பதியை விட்டால் டோல்கேட்டைத் தாண்டி வந்ததே தன் வாழ்க்கையில் பெரிய பயணம் என்று சொன்னாள்.

“போனதுக்கு ரிக்கார்டு இருக்கு. வந்ததுக்கு ரிக்கார்டு இல்ல. அப்ப நீங்க எங்கம்மா இருக்கணும்?”

“இங்கதான் கீறேன் சார். உங்க எதிர்ல.”

“நீங்க இருக்கறத நான் பாக்கறேன்மா” என்றார் செங்குட்டுவன் வருத்தத்தோடு. “ஃபைல் பாக்கணுமே.”

இதற்கு மேல் எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல், கெங்கம்மா தனக்குத் தெரிந்த உலக ஞானத்தை எல்லாம் எடுத்துவிட்டாள். அந்த நாட்டிலே வங்கியையே மூடிவிட்டார்கள், பொம்பளைகள் சட்டியைத் தட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள், பதினைந்து நாளில் ஐந்து ஜனாதிபதி ஓடிப்போனார்கள், புத்தியுள்ளவள் எவளாவது அங்கே போய்க் குடியிருப்பாளா என்று கேட்டாள். சொன்னது அத்தனையும் சரி. செங்குட்டுவன் கவனமாகக் கேட்டுவிட்டு எழுதினார்: ‘மனுதாரர் மேற்படி நாட்டின் பொருளாதார நிலையினை நேரில் கண்டவராக விரிவாக எடுத்துரைத்தார்.’

அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கமாகிவிட்டது. ஒரு வழி சொன்னார். பலகையில் இருப்பது தற்காலிகப் பெயர் மாற்றம். காரணம் தீர்ந்தால் மாற்றமும் தானே ரத்தாகும். அர்ஜென்டினா போட்டியிலிருந்து வெளியேறிவிட்டால் காரணம் தீர்ந்தது.

“ஜெயிச்சா சார்?”

“ஜெயிச்சுகிட்டே போனா மாசக் கடைசி வரைக்கும் போகும். மண்ணெண்ணெய் ஒதுக்கீடு இருபதாம் தேதியோட முடியுது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அரசாங்கம் உங்க பக்கம்தாம்மா. நீங்கதான் அந்தப் பக்கம் இருக்கீங்க.”

அன்று சாயங்காலமே இங்கிலாந்து அர்ஜென்டினாவை ஒரு கோல் போட்டு ஜெயித்தது. சந்தே துக்கத்தில் இருந்தது. இருநூறு வருஷம் இங்கே இருந்தவன் நமக்குச் செய்த முதல் உபகாரம் என்று கெங்கம்மா மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனால் கதை முடியவில்லை. இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி, ஸ்வீடனோடு. அதில் ஜெயித்தால் அர்ஜென்டினா தொடரும். மண்ணெண்ணெய் தொடராது.

இதற்குள் கடித விஷயம் சந்து முழுக்கப் பரவிவிட்டது. வருத்தப்படுவார்கள் என்று பார்த்தால், ஒருவருக்கும் வருத்தம் இல்லை. அரசாங்கமே ஒப்புக்கொண்டது அல்லவா. பிலோமி தன் பலகையில் ‘ஃபாரின்’ என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு, புருவத்துக்கு ஐந்து ரூபாய் ஏற்றினாள். பத்தாம் நம்பர் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் அர்ஜென்டினா என்று சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய் வரதட்சணையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். இருபது வருஷமாகக் குவைத்துக்குப் போகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், இனிமேல் போக வேண்டிய அவசியம் இல்லை என்று நிம்மதியாகப் படுத்துவிட்டார். பக்கத்துச் சந்து பிரேசில்காரர்கள் மட்டும் பொறாமையில் வெந்தார்கள். தங்கள் சந்துக்கும் அதிகாரியை அனுப்பச் சொல்லி மனுக் கொடுத்தார்கள்.

அர்ஜென்டினா தோற்க வேண்டும் என்று அந்தச் சந்தில் விரும்பியவள் கெங்கம்மா ஒருத்திதான். வெளியே சொன்னால் சட்டியை உருட்டிவிடுவார்கள். விடியற்காலையில் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் நின்றாள். ஸ்வீடனுக்காக அந்தச் சன்னதியில் வேண்டிக்கொண்ட முதல் ஆள் அநேகமாக அவள்தான். எந்த நாடு என்று அம்மனுக்குக் குழப்பம் வரக் கூடாதே என்று, சூரியன் மறையாத ஊர் என்று அடையாளமும் சொன்னாள்.

ஆட்டம் பகல் பன்னிரண்டு மணிக்கு. பிலோமி கடை வாசலில் டிவியை வைத்து, சந்தே வெயிலில் உட்கார்ந்திருந்தது. கெங்கம்மா பஜ்ஜி போட்டபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாதியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதியில் ஸ்வீடன்காரன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலைக்குள் போயிற்று.

அந்த ஒரு கணம் கெங்கம்மா தன்னை மறந்தாள். கையிலிருந்த கரண்டியால் காலியாக இருந்த வடிசட்டியில் டங் டங்கென்று நாலு அடி அடித்துவிட்டாள்.

சந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆனால் பொட்டலக் காகிதம் கைவிடவில்லை.

“அந்த ஊர்ல துக்கம்னா இப்டித்தான் தட்டுவாங்க” என்றாள். “பேப்பர்ல போட்டிருந்தான்.”

தலைவன் அன்பரசன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு ஓடிச் சட்டி, தேக்சா, குண்டான் எல்லாம் வந்தன. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அர்ஜென்டினா ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. சமன் போதாது, ஜெயித்திருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. அர்ஜென்டினா வெளியேறிவிட்டது. அழுதுகொண்டே இன்னொரு அரைமணி நேரம் தட்டினார்கள். தானும் தட்டாவிட்டால் சந்தேகம் வரும் என்று கெங்கம்மாவும் தட்டினாள். வடிசட்டி நெளிந்துபோயிற்று. யார் நிமிர்த்துவார்கள் என்ற கேள்வி, உலகத்தைச் சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து சேர்ந்தது.

சாயங்காலம் பையன்கள் டர்பன்டைன் ஊற்றிப் பலகையைத் துடைத்தார்கள். அர்ஜென்டினா போயிற்று. அதனோடு ஒட்டிக்கொண்டு கிணற்றடிச் சந்தும் போயிற்று. வெறும் தகரம் மிஞ்சியது.

மறுநாள் கெங்கம்மா மறுபடி செங்குட்டுவன் எதிரில் நின்றாள். இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று வழியெல்லாம் சபதம் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் முகம் மலர வரவேற்றார். ஆட்டத்தை அவரும் பார்த்தாராம், அலுவலகமே பார்த்ததாம். காரணம் தீர்ந்தது, தெரு பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது, அட்டையில் மறுபடி சேர்த்துவிடலாம், ஒரே ஒரு காகிதம் மட்டும் வேண்டும் என்றார்.

“நீக்கல் சான்று. பழைய இடத்துல பேர நீக்கினாத்தானே புது இடத்துல சேக்க முடியும். மதுரைலேந்து வந்தா மதுரைல வாங்கியாரணும். நீங்க அர்ஜென்டினாலேந்து வர்றீங்க. ஆட்சேபணை ஏதாவது உண்டா?”

கெங்கம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேனை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் மெலிந்திருந்தது. வேறு வழியில்லாமல் தம்பியிடம் போனாள். அவன் தோல்விக்குத் துக்கமாக ஒரு நாள் லீவு போட்டுப் படுத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். நன்கொடை ரசீதுக்காக டோல்கேட்டில் செய்த ரப்பர் ஸ்டாம்ப் மன்றத்தில் இருந்தது. வட்டமாக, நடுவில் சூரியன் போட்டு, ‘அர்ஜென்டினா, காலடிப்பேட்டை கிளை’ என்று இருக்கும். பேனாவைத் திறந்தவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“நீக்கணும்னா காரணம் வோணும் யக்கா. நேத்து கோலு வுய்ந்ததும் மொதல்ல சட்டி தட்னவ நீதான். நெசத்தச் சொல்லு. நீ ஸ்வீடனுக்கா வேண்டிக்கின?”

கெங்கம்மா கையோடு கொண்டுவந்த கேனை ஆட்டிக் காட்டினாள். “கிருஷ்ணாயிலுக்கு வேண்டிக்கினேன் நைனா” என்றாள்.

அன்பரசன் பெருமூச்சு விட்டான். பிறகு எழுதினான்: ‘மேற்படி கெங்கம்மா எதிரணிக்கு வேண்டுதல் செய்தமையால் அர்ஜென்டினாவிலிருந்து இன்று முதல் நீக்கப்படுகிறார்.’ ஊதா மையில் ஓங்கி ஒரு குத்து.

செங்குட்டுவன் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஸ்டாம்ப் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கையெழுத்து படிக்க முடியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. தேதி போட்டிருந்தது. படித்தாரா என்று கேட்காதீர்கள்; அது விதியில் இல்லை. பதினெட்டாம் தேதி கெங்கம்மாவின் கேன் நிறைந்தது.

நான்கு வருஷம் கழித்து, ஜெர்மனியில் உலகக் கோப்பை என்று சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிய ஒரு மாலை, செங்குட்டுவன் கடைக்கு வந்தார். வண்டி ஓரத்தில் நின்று, வேண்டாத வெங்காய பஜ்ஜி ஒன்றை நெடுநேரம் தின்றார். பொன்னேரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறாராம். இப்போதெல்லாம் முத்து நகர், முருகன் நகர் என்றால் மனை விற்பதில்லை. அதனால் அந்த இடத்துக்கு ‘நியூ சூரிச், சுவிட்சர்லாந்து’ என்று பெயர் வைத்து, வாசல் வளைவில் பனிமலை வரைந்திருக்கிறார்களாம். பிரிவுக்குப் புதிதாக வந்த உதவியாளர் ஒருவர் போன வாரம் அந்தப் பக்கம் சரிபார்க்கப் போனாராம். விதிப்படி வளைவில் கண்டவாறே எழுதிவிட்டாராம்.

கெங்கம்மா அவரைப் பரிவோடு பார்த்தாள். “எப்ப சார் வந்தீங்க?”

“சாயங்காலம் அஞ்சரைக்கே…” என்று தொடங்கிய செங்குட்டுவன் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, அந்தத் தம்பி இன்னும் ஸ்டாம்ப் வைத்திருக்கிறாரா என்று மெல்லிய குரலில் கேட்டார்.

வைத்திருந்தான். ஆனால் அதில் அர்ஜென்டினா என்றுதானே இருக்கிறது என்று அன்பரசன் தயங்கினான். வட்டமாக இருந்தால் போதும் என்று அனுபவமுள்ள செங்குட்டுவன் அவனுக்குத் தைரியம் சொன்னார். அவர் வாங்கிக்கொண்டு போன செய்தி பரவியதும், அடுத்த வாரம் கிணற்றடிச் சந்தில் வரிசை நின்றது. நியூ சூரிச் மொத்தமும் வந்தது. பிரேசில் சந்து வந்தது. நீலமேகம் முன்னெச்சரிக்கையாக நாலு நாட்டுக்கு வாங்கிக்கொண்டார்.

கெங்கம்மா பயந்தவள், நாலு நாட்டோடு நிறுத்துவாளா? எந்த வருஷம் எந்தப் பையன் எந்தப் பலகையில் எதை எழுதுவான் என்று யார் கண்டது. போட்டியில் ஆடும் முப்பத்திரண்டு நாட்டுக்கும் தம்பியை உட்காரவைத்து முப்பத்திரண்டு நீக்கல் சான்று எழுதி வாங்கினாள். எண்ணெய் படாத காகிதத்தில் சுற்றி, ரேஷன் கார்டோடு சேர்த்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். இப்போது அவள் எந்த நாட்டிலும் இல்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான அத்தாட்சி இருக்கிறது.

பாக்கி இந்தியா ஒன்றுதான். அது போட்டியில் ஆடாததால் பட்டியலில் வரவில்லை. அங்கேயாவது தன் பெயர் இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடலாம் என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும். கேட்டால் எழுதிக் கொண்டுவரச் சொல்வார்கள். அதனால் அவள் கேட்கவில்லை.